ஆபீஸ் போன சட்டை

உக்காருங்கப்பா, உக்காருங்க. அந்தா செவத்துல சாஞ்சு நிக்கிற அண்ணே, நீங்களுந்தான், இது நின்னுக்கிட்டே கேக்குற கதையில்ல, கால் மரத்துப் போகும். தாயி, அந்த செல்போனு சத்தத்தக் கொஞ்சம் அமத்து, சீரியல்ல அந்தப் பொம்பள எங்கயும் போயிற மாட்டா, நாளைக்கும் அதே எடத்துலதான் அழுதுக்கிட்டு நிப்பா. யாரும் பேசக் கூடாது. செல்லூரு கம்மாக்கரைச் சந்துல மொக்கச்சாமியோட சட்டை, அவன வீட்டுல விட்டுட்டு, அது பாட்டுக்கு ஆபீஸ் போன கதை இது. அவனுக்கு வேலை நிலைச்சுச்சா போச்சாங்கிறது கடைசியிலதான், நடுவுல எந்திரிச்சுப் போறவங்களுக்குத் தெரியாது, சொல்லிப்புட்டேன்.

மொக்கச்சாமிக்கு அப்ப முப்பத்தோரு வயசு. லேத்துப் பட்டறையில இரும்புத்தூளத் தின்னுக்கிட்டே தபால்ல பி.காம் படிச்ச பய. அவன் பொறந்ததுல இருந்து கைலிதான், பச்சைக் கட்டம் போட்ட கைலி, ஊதாக் கட்டம் போட்ட கைலி, கட்டமெல்லாம் அழிஞ்சு எந்தக் கலருன்னே தெரியாத கைலி, அவன் தூங்குனா கைலி, எந்திரிச்சா கைலி, சாமி கும்பிட்டாலும் சண்டை போட்டாலும் கைலி. அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் பைபாஸ் ரோட்டுல இருக்குற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து வேலைக்குக் கடுதாசி வந்துச்சு. ரெண்டு மாசம் பழகிப் பாக்குறது, ரெண்டு மாசம் கழிச்சு மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வந்து கேள்வி கேப்பாரு, பதில் சரியா இருந்தா வேலை நிரந்தரம், இல்லைனா திரும்பவும் லேத்துப் பட்டறை. கடுதாசிக்கு அடியில கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு: முழுக்கை சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், பாலீசு போட்ட ஷூ, டை.

இண்டர்வியூக்குப் போட்டுப் போன பேண்ட்டு சட்டை பக்கத்து வீட்டுக்காரனுது. அவன் அதையும் தூக்கிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான்.

"எம்மா, இருக்குறது ஏழு கைலியும் ஒரு கல்யாண வேட்டியும். நான் எதைக் கட்டிக்கிட்டுப் போறது?"ன்னு மொக்கச்சாமி கேட்டான். அவன் ஆத்தா ராமுத்தாயி வேற யாரக் கூப்புடுவா, தம்பியத்தான் கூப்புட்டா.

தம்பின்னா தவசி மாமா. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில இருவது வருசமா நின்னுக்கிட்டே துணி விரிச்சுப் போட்ட ஆளு. அவரு வீட்டுல சோறு கேட்டாக்கூட, "இது பாருங்க, இதவிடக் கொஞ்சம் உசத்தியில காட்டவா"ன்னு கேக்குற குரல்லதான் கேப்பாரு. வந்து மொக்கச்சாமிய மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்தாரு, டேப்பு எடுக்கல, கண்ணாலயே அளந்துட்டாரு.

"மாப்ள, கேட்டுக்க. ஆபீஸ் போறவனுக்குப் பத்து சட்டை எதுக்கு? மூணு போதும். வெள்ளை ஒண்ணு, எளநீலம் ஒண்ணு, மெல்லிசாக் கோடு போட்டது ஒண்ணு. பெரிய கட்டம் வேணாம், ஒனக்குக் கைலிக் கட்டமே போதும். பேண்ட்டு ரெண்டு, கருநீலம் ஒண்ணு, சாம்பல் ஒண்ணு. எந்தச் சட்டைய எந்தப் பேண்ட்டுக்கு மேல போட்டாலும் ஒட்டணும், மாமன் மச்சான் மாதிரி. மூணு ரெண்டு ஆறு. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஆறு நாளும் ஆறு ஆளா போகலாம். ஞாயித்துக்கெழமை ஒங்கைலி ஒனக்கு."

"ஷூ மாமா?"

"கறுப்பு. ஷூவும் பெல்ட்டும் ஒரே நெறம், கூடப் பொறந்ததுக மாதிரி இருக்கணும். டை ஒண்ணு போதும், அரக்குக் கலரு, அது ஆறுக்கும் ஒத்துப் போகும். சாக்ஸ் பேண்ட்டோட நெறத்துல. வெள்ளை சாக்ஸ் போட்டேன்னு வையி, ஒன்ன மாப்ளன்னு வெளிய சொல்ல மாட்டேன்."

சொன்னதோட விட்டாரா. தாய்மாமனாச்சே, வெறுங்கையில பையில போட்டுக் குடுத்தா மருவாதி என்ன ஆகுறது? ஞாயித்துக்கெழமை மத்தியானம் நையாண்டி மேளத்தோட சீர் கொண்டாந்தாரு. காது குத்துக்குக் கொண்டார மாதிரி, ஒரு தட்டுல வெள்ளைச் சட்டை, ஒரு தட்டுல எளநீலம், ஒரு தட்டுல பேண்ட்டு, ஒரு தட்டுல தேங்கா பழத்துக்கு நடுவுல சோடி ஷூ, அதுக்கும் குங்குமம் வச்சு, ஒரு பொம்பள தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வர, சந்தே எந்திரிச்சு வாசலுக்கு வந்து, முப்பத்தோரு வயசு ஆம்பளைக்குச் சடங்கு வச்சிருக்காகளோன்னு சிரிச்சு உருண்டுச்சு.

இங்கதாங்க ஆத்தா ஒரு தப்புப் பண்ணுனா.

நம்ம பக்கம் வழக்கம் தெரியும்ல. செத்தவங்களுக்குத் துணி வச்சுக் கும்பிடுறப்ப என்ன சொல்லணும்? "நீ போட்டுக்கய்யா, போட்டுட்டு ஒம்புள்ளைக்குக் குடுத்துருய்யா"ன்னு சொல்லணும். அப்பத்தான் எடுத்து நாம உடுத்தலாம். ராமுத்தாயி அம்புட்டுத் தட்டையும் அவ வீட்டுக்காரன் ஒச்சப்பன் போட்டாவுக்கு முன்னாடி பரப்பி, சட்டைக் காலர்ல மஞ்சத் தொட்டு வச்சு, சூடம் காட்டுனா. ஒச்சப்பன் செத்துப் பதினோரு வருசம். விளக்குத்தூண் குடோன்ல முப்பது வருசம் சட்டைத்துணி பேலு பேலா, மூட்டை மூட்டையாச் சுமந்த மனுசன், ஊருக்கெல்லாம் சட்டை அவரு முதுகு மேலதான் வந்துச்சு, அவரு மேல கெடந்தது ஒரு துண்டு. காலர் வச்ச சட்டைய அவரு கல்யாணத்தன்னைக்குக்கூடப் போட்டதில்ல. அத நெனச்சதும் ராமுத்தாயி முந்தானையால கண்ணத் தொடச்சா. "ஒனக்குத்தாய்யா இம்புட்டும், நீ போட்டுக்கய்யா"ன்னா. மிச்சப் பாதியச் சொல்லல. அழுகையில மறந்துட்டா.

அவரும் மறுக்கல, போட்டுக்கிட்டாரு. அம்புட்டுத்தான் விசயம்.

திங்கக்கெழம காலையில மொக்கச்சாமி குளிச்சுட்டு ஈரத்துண்டோட வந்து பீரோவத் தொறந்தா, எளநீலச் சட்டையும் சாம்பல் பேண்ட்டும் இல்ல. வாசல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பாத்து, பால்காரன் வந்துட்டுப் போறான்னு சொல்ற மாதிரியே சொன்னா: "ஏப்பா மொக்க, ஒஞ்சட்டை இப்பத்தான் ஆபீஸ் போகுது. நீ போகலையா?"

ஓடிப் போய்ப் பாத்தான். சந்து முனையில எளநீலச் சட்டை நேரா நிமிந்து போகுது, கீழ சாம்பல் பேண்ட்டு, இடுப்புல பெல்ட்டு, கழுத்தே இல்லாத எடத்துல அரக்கு டை ஒழுங்கா முடிச்சுப் போட்டுத் தொங்குது, ஷூ டக்கு டக்குன்னு சத்தம் போடுது. சட்டைக்கு மேல தலை இல்ல, கைக்கு வெளிய வெரல் இல்ல. மினி பஸ்ஸு வந்துச்சு, சட்டை ஏறுச்சு, கண்டக்டர் டிக்கெட்டக் கிழிச்சு அதோட பையிலயே சொருகிட்டு, "உள்ள போங்க சார், படியில நிக்காதீங்க"ன்னாரு. பஸ்ஸு போயிருச்சு. மொக்கச்சாமி துண்டப் பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறான்.

"வலது தோள் எறங்கி நடக்குது பாத்தியா"ன்னு ராக்காயி அவனுக்குப் பின்னாடி வந்து நின்னு சொன்னா. "பேலு தூக்குன தோளு. அது ஒச்சப்பண்ணன் நடை இல்ல?"

சந்துல ஒரு நாளு பேசுனாக, ரெண்டு நாளு பேசுனாக. மூணாம் நாளு, சட்டை போற நேரத்துக்குக் கடிகாரத்தத் திருப்பி வச்சுக்கிட்டாக. டீக்கடையில, "ஒச்சப்பன் சட்டை போயிருச்சா, அப்ப மணி எட்டே கால், வடைய எடு"ன்னு ஆகிப் போச்சு. பள்ளிக்கூடம் போற புள்ளைக டைக்கு வணக்கம் வச்சுட்டுப் போச்சுக. மழை வந்தா யாராவது ஓடிப் போய்க் காலருக்கு மேல கொடை பிடிச்சாக, தலை நனையுமேன்னு இல்ல, காலர் கஞ்சி கலைஞ்சிருமேன்னு.

ஆபீஸ்லயும் அதே கதைதான். வாசல்ல வாச்மேன் செபஸ்தி, மொத நாளே எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சாரு. அவரு ஷூவத்தான் மொதல்ல பாப்பாரு, பாலீசு பளபளன்னு இருந்துச்சு, மேல ஏறிப் பாக்குறதுக்குள்ள சட்டை உள்ள போயிருச்சு. வருகைக்கு வெரல் வைக்கிற மிசினுதான் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. மேனேஜர் நாகநாதன் சார் உடுப்பு விதி போட்ட சர்க்குலர எடுத்து, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, மூணு தடவ படிச்சுப்புட்டு, மூக்கால பேசுனாரு: "இதுல எல்லாம் கழுத்துக்குக் கீழதாம்ப்பா போட்டிருக்கு. கழுத்துக்கு மேல என்ன இருக்கணும்னு ஒரு வரி இல்லியே. நோட்டுல வரவு வச்சுருங்க." வச்சாச்சு.

ஆபீசே சொக்கிப் போச்சு. இந்த மாதிரி ஒரு ஆளு எங்க கெடைக்கும், எதுத்துப் பேசாது, பக்கத்து சீட்டப் பத்திப் பொறணி பேசாது, தண்ணிக் கேன் வந்தா யாரும் சொல்லாமலே போய்த் தோள்ல தூக்கிக்கிட்டு மாடி ஏறிரும், ஆளு ஒசரத்துக்கு இருக்குற பைல் கட்ட ஒத்தையில சுமந்து வைக்கும். ஒண்ணே ஒண்ணுதான் கொற. நாற்காலியில உக்காராது. மேசைக்குப் பக்கத்துல, சாயங்காலம் வரைக்கும், கையக் கட்டிக்கிட்டு நிக்கும். உக்காருங்க உக்காருங்கன்னு சொன்னா இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கும்.

இங்க வீட்டுல, அந்தத் திங்கக்கெழம சாயங்காலம், சட்டை திரும்பி வந்து, ஷூவக் கழட்டி, தன்னத்தானே ஹேங்கர்ல மாட்டிக்கிச்சு. மொக்கச்சாமிக்கு எரிச்சல்னா எரிச்சல். எனக்குன்னு வந்த வேலை, எனக்குன்னு வந்த சீர், எவனோ போட்டுக்கிட்டுத் திரியுறானேன்னு, ஹேங்கர்ல இருந்து சட்டையப் பிடுங்கி, கைய உள்ள விட்டான். கை பாதியில நின்னுருச்சு. உள்ள ஏற்கெனவே ஒரு கை இருந்துச்சு. வெதுவெதுன்னு, மொரட்டுக் கை, உள்ளங்கையில பேலுக் கொக்கி பிடிச்சுப் பிடிச்சு விழுந்த காய்ப்பு. சின்னப் பயலா இருக்கையில சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல இவன் மணிக்கட்ட விடாம பிடிச்சிருந்த கை. வெள்ளைச் சட்டையில விட்டுப் பாத்தான், அங்கயும் அதே கை. கோடு போட்டதுலயும் அதே.

சட்டைய மாட்டிட்டு அங்கனயே தரையில உக்காந்துட்டான்.

"விடுப்பா"ன்னு ராமுத்தாயி அவன் தலையத் தடவுனா. "நாந்தான் பாதி வேண்டுதல விட்டுட்டேன். குடுத்தத புடுங்க முடியாது சாமி. ஆச தீரப் போட்டுட்டுத் தானாக் குடுத்துருவாக."

"எப்பம்மா தீரும்? ரெண்டு மாசத்துல பெரிய ஆபீசர் வர்றாரு."

"அது எனக்கென்னடா தெரியும். உசுரோட இருந்தப்ப அவருக்கு ஒரு ஆசையும் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

மறு நாள்ல இருந்து அவ தூக்குவாளியில சோறு கட்டிக் குடுக்க ஆரம்பிச்சுட்டா. சட்டை அதத் தூக்கிக்கிட்டுப் போகும். மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீஸ் சன்னல் தெறந்து ஏசிப் பொட்டி மேல எலையப் போட்டு வைக்கும், பைபாஸ் ரோட்டுல இருக்குற காக்கா அம்புட்டும் வந்து வரிசையா உக்காந்து தின்னுட்டுப் போகும். வாளி வழிச்சு நக்குன மாதிரி திரும்பி வரும். ராமுத்தாயி அத வாங்கிக் கழுவையில மொகத்தப் பாக்கணும் நீங்க, புதுப் பொண்ணு தோத்துப் போவா.

ஆனா பைல்ல எழுதணும்ல? ஒச்சப்பனுக்கு எழுத்துத் தெரியாது, சுமக்கத்தான் தெரியும். அவரு என்ன செஞ்சாரு, மேசை மேல கெடந்த பைலையெல்லாம் கட்டி, தோள்ல வச்சு, வீட்டுக்குக் கொண்டாந்து மகன் முன்னாடி எறக்குனாரு. மொக்கச்சாமி கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு தரையில உக்காந்து, செத்தவங்களுக்கு எவ்வளவு வரணும், வாரிசு யாரு, எந்தப் பேப்பரு கொறையுதுன்னு ஒண்ணு ஒண்ணாப் பாத்து எழுதுனான். சட்டை பக்கத்துல நின்னு ஒவ்வொரு காகிதமா எடுத்துக் குடுக்கும். காலையில பைலு திரும்பி ஆபீஸ் போகும். நாகநாதன் சார், "மிஸ்டர் சாமியோட கையெழுத்து முத்து மாதிரி இருக்கு"ன்னு சட்டையோட தோள்ல தட்டுவாரு.

அந்தத் தட்டத்தான் மொக்கச்சாமியால தாங்க முடியல. ஆபீசுக்கு எதுத்தாப்புல ஒரு பெட்டிக்கடை, அங்க போய் உக்காந்துக்கிட்டு மாடிச் சன்னலையே பாத்துக்கிட்டிருப்பான். வேலை செய்யிறது நான், தட்டு வாங்குறது சட்டை. ஆனாலும் அப்பனாச்சே, யாருகிட்டப் போய்ச் சண்டை போடுவான்? அவரு நாற்காலிக்குப் பக்கத்துல நிக்கிறதப் பாத்தா கோவமும் வரும், கண்ணுல தண்ணியும் வரும், ரெண்டும் ஒரே நேரத்துல வந்து மூக்குதான் ஒழுகும்.

ரெண்டு மாசம் முடிஞ்சுச்சு. மெட்ராஸ் ஆபீசர் ராஜமன்னார் நாளைக்கு வர்றாருன்னு தகவல் வந்துச்சு. வாயத் தெறந்து பதில் சொல்லணும். சட்டைக்கு ஏது வாயி? சந்தே கூடிப் பேசுச்சு.

தவசி மாமா, "நான் வேற சட்டை எடுத்தாரேன் மாப்ள, இந்தத் தடவ யாரு முன்னாடியும் வைக்காத, பீரோவுக்குக்கூடக் காட்டாத"ன்னாரு.

மொக்கச்சாமி யோசிச்சான். "வேணாம் மாமா. நான் புதுசு போட்டுக்கிட்டுப் போனா, அங்க நிக்கிறவரு யாருன்னு கேப்பாக. அவரத் தெரியாதுன்னா சொல்லுவேன்? நான் இப்படியே கூடப் போறேன்."

"கைலியோடவா?"

"தொவைச்ச கைலிதான் மாமா."

தவசி மாமா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டுச் செவத்துல சாஞ்சுட்டாரு. இருவது வருச சர்வீசுல அவரு கேட்ட கெட்ட வார்த்த அதுதான்.

காலையில வெள்ளைச் சட்டை, கருநீலப் பேண்ட்டு. பக்கத்துலயே ஊதாக் கட்டம் போட்ட கைலியும் டீசர்ட்டும். ரெண்டும் ஒரே பஸ்ஸுல போச்சுக. ஆபீஸ் வாசல்ல செபஸ்தி எந்திரிச்சு வெள்ளைச் சட்டைக்கு விறைப்பா சல்யூட் அடிச்சுட்டு, அடிச்ச கையாலயே மொக்கச்சாமிய மறிச்சாரு.

"எங்க போற?"

"வேலைக்கு."

"கலெக்‌ஷன் கவுண்டரு பின்பக்கம். இந்த வழியா சார்மாருதான் போகணும்."

"அண்ணே, இந்த ஆபீஸ்ல எம்பேருதான் எழுதியிருக்கு."

"கைலிக்கு இங்க பேரு கெடையாதுப்பா."

முன்னாடி போன சட்டை நின்னுச்சு. திரும்பி வந்து, வெறும் சட்டைக் கைக்குள்ள இருந்து, மொக்கச்சாமியோட மணிக்கட்டப் பிடிச்சுச்சு, அந்தச் சித்திரைத் திருவிழாப் பிடி. பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போச்சு. செபஸ்தி என்ன செய்வாரு, பாலீசு போட்ட ஷூவுக்கு வழி விட்டுத்தான பழக்கம், விட்டுட்டாரு.

ராஜமன்னார் ரூமுல மேசைக்கு அங்கிட்டு ஆபீசர், இங்கிட்டு ஒரு நாற்காலி, ஓரத்துல நாகநாதன். ஆபீசர் தலைய நிமுத்தாம, மெட்ராஸ் பேச்சுல, "உட்காருங்க மிஸ்டர் சாமி"ன்னாரு. சட்டை உக்காரல, கையக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. "பரவாயில்ல, மரியாதை தெரிஞ்சவரு"ன்னுட்டு ஆபீசர் மொதக் கேள்வியப் போட்டாரு. பாலிசி எடுத்தவரு எறந்துட்டாரு, வாரிசு யாருன்னு எழுதல, யாருக்குப் பணம் போகும்? கதவோரத்துல நின்ன கைலி பதில் சொல்லுச்சு. ரெண்டாவது கேட்டாரு, கைலி சொல்லுச்சு. மூணாவதுக்கு, கேள்வி முடியிறதுக்கு முன்னாடியே, எந்தப் பைல்ல எத்தனாவது பக்கத்துல இருக்குங்கிறது வரைக்கும் சொல்லுச்சு.

அப்பத்தான் ஆபீசர் தலைய நிமுத்திப் பாத்தாரு. "யாருய்யா இது?"

நாகநாதன் சாருக்கு வேர்த்து ஊத்துச்சு. "சார், அது வந்து, இந்தச் சட்டையோட மகன் சார். பைலெல்லாம் வீட்டுல அவருதான் எழுதுறாரு போல. கையெழுத்து ஒத்துப் போகுது."

ஆபீசர் பேனாவ மூடி வச்சாரு. கெட்ட மனுசன் இல்ல, நெசமாவே சங்கடப்பட்டுத்தான் பேசுனாரு. "பதில் எல்லாம் கரெக்ட்தான் தம்பி, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நம்மகிட்ட வர்றவங்க வீட்டுல ஒரு உசுரப் பறிகொடுத்துட்டு வர்றவங்க. இப்படிக் கைலியோட வந்து நிக்கிற ஆள நம்பி, அவங்க விசயத்த நான் எப்படி ஒப்படைக்கிறது? பாக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணுமா இல்லியா?"

மொக்கச்சாமி தலையக் குனிஞ்சுக்கிட்டான். லேத்துப் பட்டறை சத்தம் அவன் காதுல கேக்க ஆரம்பிச்சிருச்சு.

அன்னைக்கு வேலை நிரந்தரம்ங்கிற பேப்பர்ல ஆபீசர் கையெழுத்து விழுந்ததும், மக்யாநாள் காலையில வெள்ளைச் சட்டை அவன் கைக்கு வழி விட்டதும், அதோட காலர் ஓரத்துல இன்னைக்கு வரைக்கும் அந்த மஞ்சப் பொட்டு போகாம இருக்கிறதும், ஏசிப் பொட்டிக்கு இப்பவும் ஒரு மணிக்குக் காக்கா வர்றதும், எல்லாம் செல்லூருக்கே தெரியும். ஆனா அம்புட்டும் நடந்தது இதுக்குப் பெறகுதான். என்னன்னா, ரெண்டு மாசமா வாயே தெறக்காத சட்டை, உசுரோட இருந்தப்பவும் மொதலாளி முன்னாடி ஒரு வார்த்த பேசாத மனுசன், கட்டுன கைய அவுத்து, மகன் தோளப் பிடிச்சு, அந்த நாற்காலியில அமுக்கி உக்கார வச்சுட்டு, ஆபீசரப் பாத்துக் காலரத் திருப்புச்சு.

"என்னைய நம்பி ரெண்டு மாசமா ஒப்படைச்சிருந்தீகளேய்யா. நான் செத்தே பதினோரு வருசமாச்சு."